முன் வரிசைக்கு வந்த ஹாஜா பாய்

குடவாசல் கடைத்தெருவில் வைத்தியம் தெரியாத ஆள் ஒருவர்கூடக் கிடையாது. ஒரு மனுஷன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். டீ குடிக்க வந்தவர் சீரகம் என்பார், சைக்கிளை நிறுத்தியவர் பெருங்காயம் என்பார், பஸ்ஸுக்கு நிற்பவர்கூட ஓமத்தண்ணீர் என்று சொல்லிவிட்டுத்தான் படியில் கால் வைப்பார். என் பக்கத்துக் கடைக்காரர் ஹாஜா மைதீனுக்கு இந்த ஊர் பல வருஷம் பார்த்த வைத்தியம் இதுதான். நோய்க்குப் பெயரையும் ஊரே வைத்துவிட்டிருந்தது. கேஸ்.

என் பெயர் குணசேகரன். உரக்கடை வைத்திருக்கிறேன். ஹாஜா பாய் கடையில் மண்வெட்டி, கயிறு, பிளாஸ்டிக் குழாய், நெல்லை மூடுகிற தார்ப்பாய் எல்லாம் கிடைக்கும். குறுவை நெல் அறுப்பு நேரத்தில் வானம் இருட்டினால் அவர் கடையில் தார்ப்பாய்க்குக் கூட்டம் அலைமோதும். அந்த நேரம் பார்த்துப் பாய் கல்லாவை விட்டு எழுந்து என் கடைக்குள் ஓடி வந்து, யூரியா மூட்டை மேல் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். எந்த வியாபாரியாவது இப்படிச் செய்வானா? கேட்டால், "கேஸு குணா, நெஞ்ச அடைக்குது" என்பார்.

ஆள் வாட்டசாட்டமானவர். ஷார்ஜாவில் பல வருஷம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பிக் கடை போட்டவர். அப்படிப்பட்ட ஆளுக்குக் கூட்டம் கூடினால் நெஞ்சு படபடக்கும், கை மரத்துப்போகும், தொண்டை அடைக்கும், இந்த நிமிஷமே செத்துவிடுவோம் என்று தோன்றும். உடனே ஆட்டோ, ஆஸ்பத்திரி, ஈ.சி.ஜி. எல்லாம் நார்மல் என்று வரும். அவருடைய ஈ.சி.ஜி. காகிதங்களை ஒட்டினால் ஒரு களத்து நெல்லை மூடலாம் என்று நானே கேலி செய்திருக்கிறேன். அவரும் சிரிப்பார். ஆனால் பஸ்ஸில் படிக்கட்டுப் பக்கத்து இருக்கை கிடைக்காவிட்டால் ஏறமாட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போனால் கடைசி வரிசையில், செருப்பு கிடக்கும் இடத்தை ஒட்டித்தான் நிற்பார். வாழ்க்கையே வாசல் பக்கம் பார்த்தபடி போய்க்கொண்டிருந்தது.

இதெல்லாம் அவரோடு போயிருந்தால் பரவாயில்லை. மூத்த மகள் ரஹ்மத் நிஷாவின் நிக்காஹில் வந்து விடிந்தது.

அவர்கள் வழக்கத்தில், பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என் மகளை, நீங்கள் தரும் இன்ன மஹர் தொகைக்கு உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன் என்று சபை கேட்கச் சொல்லவேண்டும். முடியாதவர் இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம், அதற்கும் இடம் உண்டு. அன்றைக்கு மண்டபம் நிறைந்த கூட்டம். மாப்பிள்ளை யூனுஸ் எதிரே உட்கார்ந்திருக்கிறார், பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற ஹஜ்ரத் ஓதி முடித்துவிட்டார். ஹாஜா பாய் சட்டென்று எழுந்தார். "அண்ணே, நீங்க சொல்லிடுங்க" என்று தன் அண்ணனைக் கைகாட்டிவிட்டு, செருப்புக்கூட மாட்டாமல் வெளியே போய் ஆட்டோவில் ஏறிவிட்டார். அங்கே அண்ணன் நிக்காஹ் செய்துகொடுத்த நேரத்தில் இங்கே இவருக்கு ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் நார்மல்.

ஊர் வாயை யார் மூட முடியும்? பெண்ணோட அத்தாவுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லையாம், அதனால்தான் எழுந்து போய்விட்டாராம் என்று பந்தி முடிவதற்குள் பேச்சு பரவிவிட்டது. ரஹ்மத் நிஷாவின் மாமியார் வீட்டில் குழம்பில் உப்புக் கூடினாலும், "உங்கத்தா எழுந்திரிச்சுப் போனவருதானே" என்று அதில் போய் நிற்பார்கள். யூனுஸ் தங்கமான பையன், வாயே திறக்கமாட்டார். ஆனால் மாமனார் வீட்டுக்கு வந்தால் நாற்காலி நுனியில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். எனக்கே பார்க்கப் பொறுக்காது.

அப்புறம் இளையவள் பர்வினுக்கு வரன் வந்தது. பையன் பெயர் ஃபாஜில். எல்லாம் பேசி முடித்த அன்று பர்வின் தகப்பனைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்காவுக்குப் பண்ணின மாதிரி எனக்கும் பண்ணுவீங்களாத்தா?"

"எனக்கு உடம்பு சரியில்லம்மா. பெரியத்தா இருக்காங்கல்ல..."

"பெரியத்தா சொல்றதா இருந்தா எனக்கு இந்த நிக்காஹே வேணாம். நீங்க கை பிடிச்சு, உங்க வாயால சொல்லணும். இல்லன்னா இப்பவே அவங்க வீட்டுக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லிடுங்க."

சொன்னதைச் செய்கிற பெண் அவள். ஹாஜா பாய்க்கு அது நன்றாகத் தெரியும். மறுநாள் காலையிலேயே தஞ்சாவூருக்கு பஸ் ஏறி, இருதய டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்து, "எனக்கு ஆபரேஷன் ஏதாச்சும் பண்ணி விட்ருங்க" என்று கேட்டிருக்கிறார். டாக்டர் எல்லா சோதனையும் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "உங்க இருதயம் என் இருதயத்தவிட நல்லா இருக்கு பாய். இனிமே இங்க வராதீங்க. மாடிக்குப் போங்க."

மாடியில் இருந்தவர் மனநல ஆலோசகர். கனிமொழி என்று பெயர்ப்பலகை. அதைப் பார்த்ததும் பாய்க்கு வியர்த்துவிட்டது. தனக்குப் பைத்தியம் என்று டாக்டர் நினைத்துவிட்டாரோ என்று ஒரு பயம். யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது என்று இன்னொரு பயம். நல்லவேளை, இது தஞ்சாவூர், நம்மை யாருக்குத் தெரியும் என்று தைரியப்படுத்திக்கொண்டு உள்ளே போனார். அந்தப் பெண் முதலில் சொன்ன வார்த்தை, "குடவாசலா? நானும் அந்தப் பக்கம்தான் சார். எங்கப்பா உங்க ஊரு சந்தைக்குத்தான் வருவாரு."

இப்படியே எழுந்து ஓடிவிடலாமா என்று தோன்றியதாம். இனி நான் சொல்வதெல்லாம் அவரே சொன்னதுதான். இப்போது கேட்டவர்களுக்கும் சொல்கிறார், கேட்காதவர்களையும் நிறுத்திச் சொல்கிறார்.

"நான் டாக்டர் இல்ல சார், மருந்து எழுத மாட்டேன். நாம பேசப்போறோம், அவ்வளவுதான். இங்க பேசுறது இந்த ரூம விட்டு வெளிய போகாது" என்றாராம் கனிமொழி.

"பேசுறதுக்கா இம்புட்டுத் தூரம் வரணும்? எங்க தெருவுல பேசாத ஆளே கிடையாதே மேடம்."

"பேசுறவங்க இருப்பாங்க. நீங்க பேசினா கேக்குறவங்க இருக்காங்களா?"

பாய் அன்றைக்குப் பேசியது பூராவும் கேஸ். எந்தக் கிழங்கு சேராது, எந்தப் பருப்பு நெஞ்சைப் பிடிக்கும், எந்த மாத்திரைக்கு ஏப்பம் வரும். அந்தப் பெண் ஒரு இடத்திலும் குறுக்கிடவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க கடையில தனியா உக்காந்திருக்கிறப்ப இது வந்திருக்கா?" என்றார். பாய் யோசித்துப் பார்த்து, இல்லை என்றார். கல்யாணத்தில்? வந்திருக்கிறது. பள்ளிவாசலில்? வந்திருக்கிறது. நெரிசலான பஸ்ஸில்? அங்கேயும்தான்.

"கூட்டத்தப் பார்த்து வர்ற கேஸு எந்த ஊரு கேஸு சார்?"

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புதான் அவரை அடுத்த வாரமும் அங்கே போக வைத்தது.

இதற்குப் பெயர் பேனிக் அட்டாக் என்று கனிமொழி விளக்கினார். உடம்பு பொய்யாக அபாய மணி அடிக்கிறது. அந்த நேரம் பார்த்து நாம் ஓடினால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று உடம்பு நம்பிவிடுகிறது. அடுத்த தடவை இன்னும் பலமாக அடிக்கிறது. ஓடாமல் நின்றால்? "வாய்க்கால்ல முதல் தண்ணி வர்றப்ப கரைய முட்டிக்கிட்டுத்தான் வரும். கொஞ்ச நேரத்துல அதுவா படிஞ்சிரும். யாரும் கையால அமுக்கிப் படிய வைக்கிறதில்ல" என்றாராம். நெல் விளைகிற ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

சொல்லோடு விடவில்லை. டாக்டர் பார்த்து இருதயம் சரி என்று சொன்ன தைரியத்தில், பாயை அந்த அறையிலேயே நின்ற இடத்தில் ஓட வைத்தார். ஐம்பது தாண்டிய மனுஷன், வெள்ளைக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு திங்குதிங்கென்று குதிக்கிறார். நெஞ்சு படபடக்கிறது. "இப்ப சாகப்போறீங்களா சார்?" "இல்ல மேடம்." "நெஞ்சு அடிச்சுக்குதே?" "குதிச்சா அடிக்காதா?" சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது தனக்கே உறைத்ததாம். நெஞ்சு அடித்துக்கொள்வது வேறு, சாவது வேறு. இத்தனை வருஷம் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

தார்ப்பாய் எடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வாராவாரம் வெறுங்கையோடு திரும்பினால் எந்தப் பெண்டாட்டி சும்மா இருப்பாள்? சைத்தூன் பீவி ஒருநாள் வழிமறித்துக் கேட்டேவிட்டார். உண்மையைச் சொன்னதும் அந்த அம்மா, "இத மறைக்கவா பொய் சொன்னீங்க? நான் என்னென்னமோ நினைச்சுட்டேன்" என்று நிம்மதியாக உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு புதன்கிழமை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று விரட்டுகிறவரே அவர்தான்.

பஸ்ஸை பாய் சீக்கிரம் ஜெயித்துவிட்டார். ஜன்னல் ஓரம், நடுவில் ஒரு ஆள், அந்தப் பக்கம் ஒரு ஆள், நிற்கிறவர்கள் நெஞ்சோடு இடிக்கிறார்கள், வண்டி தஞ்சாவூர் போகிறது. இவர் வேர்த்துக் கொட்டியபடி உட்கார்ந்தே போய் இறங்கினார். இறங்கியதும் எனக்குப் போன். "குணா, ஜன்னலோரம்!" முதல் தடவை விமானம் ஏறியபோதுகூட அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது.

பள்ளிவாசல்தான் மசியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை துணிந்து நடு வரிசையில் போய் நின்றவர், தொழுகை தொடங்கியதும் ஆட்களை விலக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்துவிட்டார். தொழுகை முடிந்ததும் ஊரே அதைத்தான் பேசியது. அந்தப் புதன்கிழமை, "இது எனக்குச் சரிப்பட்டு வராது மேடம், சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்று நின்றுகொண்டே சொன்னாராம்.

"பஸ்ஸுல உக்கார முடிஞ்சிருக்கு. பள்ளிவாசல்ல மட்டும் ஏன் சார் முடியல? அங்க நிக்கிறப்ப என்ன ஞாபகம் வருது?"

பாய் உட்கார்ந்தார். பெண்டாட்டியிடம், அண்ணனிடம், என்னிடம், ஒருத்தரிடமும் சொல்லாத ஒன்றை அன்றைக்குத்தான் சொன்னார்.

ஷார்ஜாவில் இவர் அறையில் பிரபு என்று ஒரு பையன் இருந்தான். பட்டுக்கோட்டைக்காரன், தென்னந்தோப்புக்குள் வீடு. ஒரு வெள்ளிக்கிழமை மதியம், "அண்ணே, நெஞ்ச அடைக்கிற மாதிரி இருக்கு" என்றான். "கேஸா இருக்கும்டா" என்று இவர் இஞ்சி தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுத்து, படுக்கச் சொல்லிவிட்டு ஜும்ஆவுக்குப் போனார். அன்றைக்கு முன் வரிசையில் இடம் கிடைத்தது. தொழுகையில் நிற்கும்போது, அவனைத் தனியாக விட்டு வந்திருக்கக் கூடாதோ என்று மனசில் ஏதோ உறுத்தியது. பின்னால் வரிசை வரிசையாக ஆட்கள், எப்படி வெளியே போவது? முடித்துவிட்டு ஓடி வந்து பார்த்தால் பிரபு இல்லை. உயிர் போயிருந்தது.

"நான்தான் மேடம் கேஸுன்னு சொன்னேன்" என்று சொல்லி ஹாஜா பாய் அழுதார். இவ்வளவு பெரிய ஆள், சின்னப் பிள்ளை மாதிரி. கனிமொழி தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். அழுது முடித்த பிறகுதான் கேட்டார்.

"அது மாரடைப்புன்னு அன்னைக்கு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

"தோள்ல தூக்கிட்டு ஓடியிருப்பேன்."

"நீங்க அப்படித் தூக்கிட்டு ஓடுற ஆளுன்னு அந்தப் பையனுக்குத் தெரிஞ்சிருக்கும்னு தோணலையா சார்?"

கேள்வி அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். இத்தனை வருஷமாக அவர் என் கடை மூட்டை மேல் வந்து உட்கார்ந்தார், ஊரே சுற்றி நின்றது, ஆளுக்கொரு கஷாயம் சொன்னோம். என்னய்யா உன் மனசில் இருக்கிறது என்று கேட்க ஒரு வாய் இல்லை. கேட்பதற்கும் ஒரு படிப்பு வேண்டும்போல. அந்தப் படிப்பு படித்தவர்கள் இருக்கிற இடத்தைப் பார்த்துத்தான், பைத்தியத்துக்குப் பார்க்கிற இடம் என்று நாம் முகத்தைச் சுளிக்கிறோம்.

அந்த மாதமே பாய் பட்டுக்கோட்டைக்குப் போனார். யாரும் போகச் சொல்லவில்லை, அவராகவே போனார். பிரபுவின் அக்கா பூவிழி இருந்தார். பாய் நடந்ததையெல்லாம் அவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கப்பாவுக்கும் இப்படித்தாண்ணே ஆச்சு, எங்க குடும்பத்து நோய் அது. என் தம்பி தாகத்துக்குத் தண்ணி குடுக்கக்கூட ஆள் இல்லாம போயிட்டானேன்னுதான் நான் இத்தன நாளா அழுதேன். நீங்க கொதிக்க வச்சுக் குடுத்திருக்கீங்க" என்று சொல்லி, இலை போட்டுச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினாராம்.

அடுத்த வெள்ளிக்கிழமை முதல் ஆரம்பித்தது படையெடுப்பு. கடைசி வரிசைக்காரர் அதற்கு முந்தின வரிசையில் நின்றார். அடுத்த வாரம் இன்னொரு வரிசை முன்னால். நெஞ்சு அடிக்கத்தான் செய்தது; அடித்துக்கொள் என்று விட்டுவிட்டு நின்றார். இதைப் பார்த்து ஊருக்கு வேறு சந்தேகம் வந்துவிட்டது. பள்ளிவாசல் ஜமாஅத் நிர்வாகத்துக்குத் தேர்தல் வரப்போகிற நேரம். செருப்புப் பக்கத்தில் நின்ற ஆள் வாராவாரம் முன்னேறுகிறார் என்றால் தலைவர் பதவிக்குத்தான் குறிவைக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பதவியில் இருந்தவர் ஒருநாள் அல்வாப் பொட்டலத்தோடு பாய் கடைக்கு வந்து, "என்ன பாய், நிக்கிறீங்களாமே?" என்று நைசாகக் கேட்டார்.

"நிக்கிறேன். அதுக்குத்தான் தஞ்சாவூர் போய் கத்துக்கிட்டு வர்றேன்" என்றார் பாய்.

வந்தவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். தஞ்சாவூரில் எந்தக் கட்சி ஆபீஸ் என்று அவர் விசாரித்துக்கொண்டிருந்த வாரத்தில் ஹாஜா பாய் முன் வரிசைக்கு வந்து, ஹஜ்ரத்துக்கு நேர் பின்னால் நின்று தொழுதுவிட்டுத் திரும்பினார். அந்த அல்வாவை நானும் அவரும் பங்குபோட்டுத் தின்றோம்.

பர்வின் நிக்காஹ் அன்று அதே மண்டபம், முன்னைவிடப் பெரிய கூட்டம். நான் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். பாய் வெள்ளைச் சட்டையில் ஃபாஜிலுக்கு எதிரே அமர்ந்து கையைப் பிடித்தார். ஹஜ்ரத் ஓதினார். மைக்கைப் பாய் பக்கம் திருப்பினார். "என் மகள் பர்வினை..." என்று தொடங்கிய பாய் நிறுத்திவிட்டார்.

நெற்றியில் வேர்வை துளிர்ப்பதை நான் பார்த்தேன். பெண்கள் பக்கத்துத் திரை விலகி இரண்டு மூன்று முகங்கள் எட்டிப் பார்த்தன. பின்னால் அவர் அண்ணன் மெல்ல எழுந்து, போன தடவை போலவே தன்னிடம்தான் வரப்போகிறது என்று முன்னால் வரப்பார்த்தார். பாய் திரும்பிப் பார்க்காமல் இடது கையைத் தூக்கி, "உக்காருங்கண்ணே" என்றார். மைக்கில் அது மண்டபம் முழுக்கக் கேட்டது.

அப்படியே இருந்தார். ஓடவில்லை. ஃபாஜிலின் கையை விடவும் இல்லை. வந்தது வந்து, முட்டி, படிந்து போகும்வரை ஒரு மனுஷன் பொறுமையாக உட்கார்ந்திருந்ததை அத்தனை பேரும் பார்த்தோம், என்ன பார்க்கிறோம் என்று தெரியாமலே. பிறகு முதலிலிருந்து தொடங்கி, மகள் பெயர், மஹர் எல்லாம் நிறுத்தி நிதானமாக, மண்டபத்துக் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி சொல்லி முடித்தார். ஃபாஜில் ஏற்றுக்கொண்டேன் என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைச் சொல்ல என்ன வெட்கம்?

கடைசிப் பிரார்த்தனையான துஆ முடிந்து எல்லோரும் எழப்போன நேரத்தில் பாய் மைக்கை விடவில்லை.

"ஒரு நிமிஷம் எல்லாரும் உக்காருங்க. என் மூத்த மக நிக்காஹ்ல நான் எழுந்திரிச்சுப் போனது உங்களுக்கெல்லாம் தெரியும். மாப்பிள்ளைய பிடிக்காம போகல. எனக்குப் பயம் வந்துச்சு. அது ஒரு நோய். தஞ்சாவூர்ல ஒரு அம்மாகிட்ட வாராவாரம் போய் மனசு விட்டுப் பேசினேன், சரியாச்சு. இப்பவும் வந்துச்சு, நீங்களே பார்த்தீங்க. யூனுஸ் மாதிரி ஒரு மருமகன் எனக்குக் கிடைச்சது அல்லாஹ் குடுத்தது. இனிமே யாரும் என் மகள ஒரு சொல்லு சொல்லக் கூடாது."

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ விசும்புகிற சத்தம் கேட்டது. கூட்டத்துக்கு நடுவிலிருந்து யூனுஸ் எழுந்து வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து டீ குடிக்கிற அதே யூனுஸ். ஃபாஜிலைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு மாமனாருக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் உங்க வாயால சொல்லுங்க மாமா."

பாய் ஹஜ்ரத்தைப் பார்த்தார். "நிக்காஹ் அன்னைக்கே நிறைவேறிடுச்சு. திரும்பச் சொல்லணும்னு அவசியம் இல்ல" என்றார் ஹஜ்ரத். அப்புறம் தாடியைத் தடவிக்கொண்டு, "சொன்னா தப்பும் இல்ல" என்றார்.

ஹாஜா பாய் யூனுஸின் கையைப் பிடித்துக்கொண்டு, மைக் இல்லாமலே, ரஹ்மத் நிஷாவின் பெயரை உரக்கச் சொன்னார்.